வாசலில் கழற்றிய சக்கரம்

சாலைக்கு வந்த முதல் காற்று டயர்களில் ஒரு ஜோடி, மூன்று சக்கர வண்டி ஒன்றின் பின் சக்கரங்களில் ஏறியது. ஏற்றிய இடம் ஒரு வீட்டு முற்றம். ஊர் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட், ஆண்டு 1887. ஜான் பாய்ட் டன்லப் தொழிலால் கால்நடை மருத்துவர். மகனின் மூன்று சக்கர மிதிவண்டி கரடுமுரடான தெருவில் படுகிற அதிர்ச்சியைக் குறைக்க நினைத்தார். ரப்பர்த் தாளைக் குழாயாக ஒட்டி, மரத் தட்டு ஒன்றைச் சுற்றிப் பொருத்திக் காற்றடித்தார். அதையும் மகன் வண்டியின் சாதாரணச் சக்கரத்தையும் முற்றத்தில் சேர்த்து உருட்டிவிட்டார். சாதாரணச் சக்கரம் பாதியில் நின்றது. காற்றுச் சக்கரம் கேட் தூணில் மோதித் திரும்பியது. உடனே வண்டியின் இரண்டு பின் சக்கரங்களுக்கும் அதே மாதிரி டயர் போட்டார். 1888-இல் காப்புரிமை கிடைத்தது. ஸ்காட்லாந்துக்காரர் ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845-லேயே இதே யோசனைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தது பிறகு தெரியவந்து, டன்லப்பின் உரிமை செல்லாமல் போனது. ஆனால் தொழிலாக நிலைத்தது டன்லப்பின் டயர்தான்.

அந்த டயரில் ஒரு பெரிய குறை இருந்தது. அதைச் சக்கரத்தோடு பசை வைத்து ஒட்டியிருந்தார்கள். முள் குத்தினால் பிரிக்க மணிக்கணக்காகும், ஒட்டிய பிறகு இரவு முழுக்கக் காய வேண்டும். பிரான்ஸின் கிளெர்மோன்-ஃபெரானில் மிஷெலின் சகோதரர்களின் ஆலைக்கு அப்படிப் பஞ்சரான டயரோடு ஒரு சைக்கிள்காரர் வந்து சேர்ந்தார். அவருடைய டயரோடு மல்லுக்கட்டிய பிறகுதான், கழற்றி மாட்டக்கூடிய டயரை அவர்கள் 1891-இல் கொண்டுவந்தார்கள். அதே ஆண்டு பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் சைக்கிள் பந்தயத்தில் அந்த டயரோடு ஓடிய சார்ல் தெரோன் முதலில் வந்தார். காற்றடைத்தது பாதி வெற்றி என்றால், ஓட்டுகிறவனே கழற்றி மாட்ட முடிந்தது மறு பாதி. மதுரைக்கு வடமேற்கே இருபது கிலோமீட்டருக்குச் சற்று அப்பால், வைகைக் கரையில் இருக்கிற சோழவந்தானின் ஆட்டோக்காரர் வாழ்க்கையில் இந்த மறு பாதிக்குத்தான் மதிப்பு அதிகம்.

ரப்பர் வருவதற்கு முன்பும் இந்த வட்டாரத்தில் சக்கரத்தின் மேலுறையை மாற்றுகிற வேலை இருந்தது. மாட்டு வண்டிச் சக்கரத்தில் நடுவே குடம், குடத்திலிருந்து ஆரக்கால்கள், அவற்றைச் சுற்றி வட்டை, வட்டையின் மேல் இரும்புப் பட்டை. கோடையில் மரம் உலர்ந்து சுருங்கும், பட்டை கலகலத்துப்போகும். அப்போது சக்கரத்தைக் கொல்லுப் பட்டறைக்கு உருட்டிக்கொண்டு போவார்கள். பட்டையை வெட்டி, சக்கரத்தின் சுற்றளவைவிடக் கொஞ்சம் குறுக்கி ஒட்டி, வட்டமாக அடுக்கிய எருவாட்டித் தீயில் சிவக்கக் காய்ச்சுவார்கள். நாலு பேர் நாலு பக்கம் குறடு பிடித்துத் தூக்கி, படுக்க வைத்த சக்கரத்தின்மேல் இறக்கி, சம்மட்டியால் தட்டி உட்கார வைப்பார்கள். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியதும் இரும்பு சுருங்கி மரத்தை இறுக்கிப் பிடிக்கும். நெருப்பும் ஆள்பலமும் கொல்லரின் கணக்கும் ஒரே நேரத்தில் கூடிவந்தால்தான் பட்டை ஏறும். வண்டிக்காரர் தன் வாசலில் தனியாகச் செய்துகொள்கிற வேலை இல்லை அது.

சோழவந்தானுக்கு அவசரம் எப்போதுமே உண்டு. காரணம் வெற்றிலை. நெல்லும் தேங்காயும் நாலு நாள் காத்திருக்கும். கொடிக்காலில் கிள்ளிய வெற்றிலை காத்திருக்காது, வாடினால் விலை போய்விடும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற சோழவந்தான் வெற்றிலையின் வியாபாரம் முழுக்கவே நேரத்தோடு நடத்துகிற போட்டிதான். 1875-இல் திருச்சியிலிருந்து மதுரைக்கு ரயில் வந்தபோது அந்தப் பாதை இந்த ஊர் வழியாகவே போனது. தென்கரை, முள்ளிப்பள்ளம், மன்னாடிமங்கலம் பக்கத்து விளைச்சலுக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவே வண்டிதான் ஓட வேண்டியிருந்தது. வழியில் ஒரு சக்கரம் படுத்தால் அன்றைய இலைக்கட்டு முழுக்க நஷ்டம்.

ரப்பர் டயர் மதுரைச் சீமைக்குள் பெரிய அளவில் வந்தது பஸ்ஸோடு. டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1912-இல் தஞ்சாவூர்–புதுக்கோட்டைப் பாதையில் பஸ் விட்டார். பிறகு மதுரையே டி.வி.எஸ். நிறுவனத்தின் தலைமையிடமானது. மாட்டு வண்டியும் பஸ்ஸும் ஒரே சாலையில் ஓடிய காலம் அது. மாட்டுக் குளம்பிலிருந்து லாட ஆணிகள் கழன்று சாலையில் கிடக்கும், பஸ் டயரில் ஏறும். காலையில் முதல் பஸ் புறப்படுவதற்கு முன்னால் காந்தம் பூட்டிய வண்டியொன்றை ஓட்டி ஆணிகளைப் பொறுக்கவைத்தார் அய்யங்கார் என்று மதுரையில் பெரியவர்கள் சொல்வதுண்டு. பஞ்சருக்கு மருந்து தேடுவதோடு நிற்காமல், பஞ்சர் ஆகாமல் பார்த்துக்கொள்ளவும் ஒரு நிர்வாகம் மெனக்கெட்டது என்பதைக் காட்டுகிற கதை இது.

1942 தொடக்கத்தில் மலேயாவும் ஜாவாவும் ஜப்பானியர் கைக்குப் போனதும் உலகத்தின் ரப்பரில் பெரும்பங்கு ஒரே வீச்சில் அறுந்தது. டயர் தங்கத்துக்குச் சமமானது. பெட்ரோலும் கிடைக்காமல் பஸ்கள் கரிவாயுவில் ஓடின. அதற்கான கேஸ் பிளான்ட்டை டி.வி.எஸ். தானே செய்து விற்றது. தேய்ந்த டயருக்கு மறுபடி பட்டன் போடும் தொழிலும் அந்த 1940-களில்தான் இங்கே வேர் பிடித்தது. மொட்டை டயரைத் தூக்கிப்போடாமல் ரீபட்டன் பண்ணி ஓட்டுகிற பழக்கம் அன்றைய பஞ்சத்தில் ஊன்றி, இன்றுவரை ஆட்டோக்காரர் கணக்கில் தொடர்கிறது.

இந்தியாவுக்குள் விளைந்த ரப்பருக்கும் சோழவந்தானுக்கும் ஆற்று வழியில் ஓர் உறவு உண்டு. நாட்டின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் 1902-இல் கேரளத்தின் தட்டேக்காட்டில், பெரியாற்றங்கரையில் போடப்பட்டது. அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன், 1895-இல்தான் அதே பெரியாற்றை மேலே மலையில் பென்னிகுயிக் அணைகட்டி மறித்து, சுரங்கம் வழியாக வைகைப் பக்கம் திருப்பியிருந்தார். சோழவந்தானுக்கு மேற்கே பேரணையிலிருந்து பெரியாற்றுப் பிரதானக் கால்வாயில் ஓடுவது அந்தத் தண்ணீர். ஒரே ஆறு மலைக்கு அந்தப் பக்கம் ரப்பரை வளர்த்தது, இந்தப் பக்கம் நெல்லை வளர்த்தது. அந்த நெல்லை ஏற்றியதும் ரப்பர்ச் சக்கரம்தான். டன்லப் நிறுவனம் 1936-இல் வங்காளத்தின் சாகாகஞ்சில் நாட்டின் முதல் டயர் ஆலையைத் தொடங்கியது. மாட்டு வண்டிக்கென்றே தனி டயரும் செய்து விற்றது. டயர் வண்டி வந்த ஊர்களில் பட்டை காய்ச்சும் நெருப்பு மெல்ல அணைந்தது. பாரம் கூடியது, மாட்டுக்கு இழுப்பு லேசானது. கூடவே பஞ்சர் என்ற புதிய தொல்லையும் கொடிக்கால் வரப்புவரை வந்து சேர்ந்தது.

ஆட்டோவின் சக்கரத்தைப் புரிந்துகொள்ள இத்தாலியின் பொந்தெதேராவுக்குப் போக வேண்டும். போரில் இடிந்த பியாஜியோ ஆலையில் கொர்ராதீனோ தஸ்கானியோ என்ற விமானப் பொறியாளர் 1946-இல் வெஸ்பா ஸ்கூட்டரை வடிவமைத்தார். அவருக்கு மோட்டார் சைக்கிளே பிடிக்காது. அதன் சக்கரம் இரண்டு பக்கமும் கவட்டைக்குள் மாட்டிக்கொண்டிருப்பதும், பஞ்சரானால் சங்கிலி, அச்சு என்று எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியிருப்பதும் அவருக்கு உறுத்தின. விமானத்தின் தரையிறங்கு சக்கரத்தைப் போல ஒரே பக்கம் தாங்கி நிற்கும்படி சக்கரத்தை அமைத்தார். நாலைந்து நட்டைக் கழற்றினால் கார்ச் சக்கரம் போலக் கையோடு வந்துவிடும். ரிம்மையும் இரண்டு தட்டுகளாக அழுத்திச் செய்து நடுவில் போல்ட் போட்டு இணைத்தார்கள். இரும்பு லீவரால் நெம்பாமலே டயரை எடுக்க இந்த ஏற்பாடு வழிசெய்தது. 1948-இல் இதே வெஸ்பாவின் பின்புறத்தில் இரண்டு சக்கரம் வைத்து ஆப்பே என்ற மூன்று சக்கர வண்டி வந்தது. போருக்குப் பின் காசில்லாத கடைக்காரர்களும் விவசாயிகளும் சரக்கு ஏற்ற ஒரு வண்டி வேண்டும் என்பதுதான் அதன் பிறப்புக்குக் காரணம்.

அதே 1948-இல் பச்ராஜ் டிரேடிங் என்ற பெயரில் இயங்கிய பஜாஜ் நிறுவனம் இந்த வண்டிகளை இறக்குமதி செய்து விற்கத் தொடங்கியது. 1959-இல் உற்பத்தி உரிமம், அடுத்து பியாஜியோவோடு ஒப்பந்தம், புனே பக்கம் ஆகுர்டியில் தொழிற்சாலை. 1971-இல் ஒப்பந்தம் முடிந்த பிறகும் வண்டியின் எலும்புக்கூடு மாறவில்லை. 1977-இல் பஜாஜ் பின்புற எஞ்சின் ஆட்டோவைக் கொண்டுவந்தது. முன்பக்கம் இருந்த எஞ்சின் பின்னால் போனதும் பின் சக்கரங்கள் எஞ்சினையும் ஆட்களையும் சேர்த்துச் சுமந்தன, வண்டியைத் தள்ளவும் செய்தன. அன்றிலிருந்து ஆட்டோவில் முதலில் தேய்வது பின் டயர்.

அளவையும் பார்க்க வேண்டும். ஆட்டோ டயரின் பக்கவாட்டில் 4.00-8 என்று அச்சாகியிருக்கும்: நாலு அங்குல அகலம், எட்டு அங்குல ரிம். இவ்வளவு சின்னச் சக்கரம் ஒரு கிலோமீட்டர் போக ஏறத்தாழ 750 சுற்று சுற்ற வேண்டும். சாதாரணக் காருக்கு ஐந்நூற்றுச் சொச்சம் போதும். மேலக்கால் வழியாக மதுரைக்கு ஒரு சவாரி போய் வந்தால் 30,000 சுற்றுக்கு மேல். கோடைத் தாரில், மூன்று பேர் உட்கார வேண்டிய இடத்தில் அதற்கு மேலும் ஆட்கள் இருக்கையில், அந்த ரப்பர் எந்தக் கதியில் கரையும் என்று சொல்லத் தேவையில்லை.

சக்கரம் வேகமாகத் தேய்ந்தது. ஆனால் அதை மாற்றுகிற உரிமை ஓட்டுகிறவரிடம் இருந்தது. அதனால்தான் சோழவந்தான் பக்கத்து ஊர்களில் ஆட்டோவின் பின் டயர் மாற்றுவது ஞாயிற்றுக்கிழமை வாசல் வேலையாக நிலைத்தது. எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்கு வண்டியைக் காட்டுகிற மாதம் நெருங்கினால் பெயின்ட்டோடு டயரும் கணக்கில் ஏறும். ஆயுத பூஜைக்கு முன்னால் இன்னொரு தடவை. புது டயரை மதுரையிலோ வாடிப்பட்டியிலோ வாங்கி வருவார்கள். மாட்டுவது வீட்டில்.

வேலை இப்படி நடக்கும். முன் சக்கரத்துக்கு அண்டை கொடுத்துக் கல் வைப்பார்கள். வண்டி தரையில் நிற்கும்போதே பின் சக்கர நட்டுகளை வீல் ஸ்பேனரால் அரைச் சுற்று தளர்த்திக்கொள்வார்கள். தூக்கிய பிறகு தளர்த்தப் பார்த்தால் சக்கரமும் சேர்ந்து சுற்றும். ஜாக்கி இருந்தால் ஜாக்கி. இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு ஒரு பக்கமாகத் தூக்குவார்கள், காலி ஆட்டோ சுமார் மூன்று, மூன்றரை குவிண்டால்தான். “அண்ணே, கல்லை உள்ள தள்ளுங்கண்ணே” என்கிற குரல் கேட்கும். கல்லோ மரக்கட்டையோ அடியில் போனதும் வண்டி ஒருக்களித்து நிற்கும். நட்டுகளைக் கழற்றி ஒரு தட்டில் போட்டு, சக்கரத்தை உருவி வாசலில் படுக்க வைப்பார்கள்.

அடுத்ததுதான் கவனம் வேண்டிய இடம். ரிம்மின் இரண்டு தட்டையும் இணைக்கிற நட்டுகளில் கை வைப்பதற்கு முன் வால்வு பின்னைக் கழற்றிக் காற்றை முழுக்க இறக்க வேண்டும். காற்று இருக்கும்போது அந்த நட்டுகளை எடுத்தால் தட்டுகள் வெடித்துப் பிரியும், முகத்திலும் கையிலும் அடிக்கும். இதைப் பழைய ஓட்டுநர்கள் பிள்ளைகளுக்கு முதல் பாடமாகச் சொல்லிக்கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. காற்று இறங்கியதும் டயரின் விளிம்பை மிதித்து ரிம்மிலிருந்து விடுவிப்பார்கள். நட்டைப் பிரித்தால் ரிம் இரண்டாக வந்துவிடும், பழைய டயர் தனியே உட்காரும். துரு ஏறிய தட்டை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, புது டயருக்குள் கையை விட்டு ஒரு சுற்று தடவிப் பார்ப்பார்கள். டியூப்புக்கு வீட்டிலிருக்கிற முகப் பவுடரைத் தூவுவார்கள், ரப்பரோடு ரப்பர் ஒட்டிச் சூடேறாமல் இருக்க. டியூப்பை உள்ளே வைத்து, உருவம் பிடிக்கிற அளவுக்கு மட்டும் கொஞ்சம் காற்று விட்ட பிறகுதான் தட்டுகளைச் சேர்ப்பார்கள். காற்றே இல்லாமல் சேர்த்தால் டியூப்பின் மடிப்பு இரண்டு தட்டுக்கும் நடுவே மாட்டிக் கிழிந்துவிடும், புது டயர் போட்ட அன்றைக்கே பஞ்சர். நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி முடுக்க வேண்டும். வால்வு மூக்கு ஓட்டையில் நேராக நிற்கிறதா என்று ஒரு பார்வை. மிச்சக் காற்றைச் சைக்கிள் பம்பால் அடிப்பவர்களும் உண்டு. அது மூச்சு வாங்குகிற வேலை. பிள்ளைகள் முறை வைத்து அடிப்பார்கள்.

பழகிய கைக்கு இதெல்லாம் காபி நேரத்துக்குள் முடிகிற காரியம். ஒரு நாள் வாடகையை இழக்காமல், கடைக்குக் கூலி கொடுக்காமல் வண்டி மறுபடி சாலைக்கு வந்துவிடும். நாள் வருமானத்தில் வாழ்கிற குடும்பத்துக்கு இந்தச் சின்ன மிச்சம் பெரிய பலம்.

பஞ்சர் கடையின் தேவை இதனால் போய்விடவில்லை. இந்தச் சமவெளியில் டயரின் முதல் எதிரி சீமைக்கருவேல முள். வேலியோரத்தில் வெட்டிப்போட்ட ஒரு கிளை போதும். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017-இல் அந்த மரங்களை அகற்ற உத்தரவிட்டது நீருக்கும் நிலத்துக்குமாக. ஆட்டோக்காரருக்கு அது சொந்தப் பகையும்கூட. நுண்ணிய முள் உள்ளேயே ஒடிந்து நின்றுகொண்டு, ஒட்டிய டியூப்பை மறுநாளும் குத்தும்.

பஞ்சர் கடையில் தண்ணீர்த் தொட்டி, குமிழி வருகிற இடத்தில் பென்சில் குறி, உப்புத்தாள், சொல்யூஷன், ஒட்டு. பெரிய கிழிசலுக்கு வல்கனைசிங். ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதிப்படும் என்று சார்லஸ் குட்இயர் 1844-இல் காப்புரிமை பெற்ற முறைதான் அது. சில கடைகளில் பழைய எஞ்சின் பிஸ்டனைக் கவிழ்த்து, அதன் குழியில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைத்து, திருகில் இறுக்கிய டியூப்பின்மேல் சூடு காட்டுவார்கள். நெடுஞ்சாலையோரக் கடைகளில் இந்தக் கலையை நடத்தியவர்கள் பலர் கேரளத்திலிருந்து வந்தவர்கள். ரப்பர் விளைகிற மண்ணிலிருந்து ரப்பர் ஒட்டுகிற கையும் வந்தது.

டயரும் இப்போது தூர தேசத்துச் சரக்கு இல்லை. 1946-இல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய மாம்மன் மாப்பிள்ளை, 1961-இல் அங்கேயே எம்.ஆர்.எஃப். டயர் ஆலையை நிறுவினார். 1980-களில் மேலூர்ச் சாலையில் வெள்ளரிப்பட்டியில் ஸ்ரீசக்ரா டயர் ஆலை வந்தது; இருசக்கர, மூன்று சக்கர வண்டி டயர்கள் அங்கே வார்க்கப்படுகின்றன. சோழவந்தான் வாசலில் ஏறுகிற டயர் மதுரைக்கு அந்தப் பக்கத்து ஆலையில் பிறந்ததாகவே இருக்க வாய்ப்புண்டு.

கழற்றிய டயருக்கும் ஓய்வில்லை. பட்டன் கொஞ்சம் மிச்சமிருந்தால் ஸ்டெப்னியாகும். மொட்டையானது பிள்ளைகள் கையில் குச்சியோடு தெருவில் உருளும், கிணற்றடியிலோ மரத்திலோ தொங்கும். முன்பெல்லாம் டயர் செருப்பாகவும் மாறியது. டியூப்பை நாடாவாக வெட்டினால் கயிற்றைவிட இறுக்கமாகச் சுமையைக் கட்டலாம்.

இன்றைய புது ஆட்டோக்களில் டியூப்லெஸ் டயர் வரத் தொடங்கியிருக்கிறது. காற்றை ரிம்மே அடைத்துவைக்க வேண்டும் என்பதால் நடுவில் பிரிகிற பழைய ரிம் அதற்கு ஒத்துவராது, ஒரே துண்டாக வருகிற ரிம் வேண்டும். ஆணி குத்தினால் சக்கரத்தைக் கழற்றாமலே ஊசியால் ரப்பர்த் திரியைச் செருகி அடைத்துவிடலாம். நடுவழியில் இலைக்கட்டோடு நிற்கிறவருக்கு இது நிச்சயம் வரம். ஆனால் தேய்ந்த டயரை மாற்றும்போது, இறுகிப் பிடித்த விளிம்பை ரிம்மிலிருந்து பெயர்க்கவும் புதியதை ஒரே வீச்சில் காற்றழுத்தி உட்கார வைக்கவும் மெஷினும் கம்ப்ரஸரும் உள்ள கடைக்குத்தான் போயாக வேண்டும். சோழவந்தான் பக்கத்தில் புது வண்டி எடுத்த பலர் இப்போது சக்கரத்தை மட்டும் வாசலில் கழற்றி, பைக்கின் பின்னால் கட்டிக் கடைக்குக் கொண்டுபோய், டயர் மாற்றி எடுத்துவந்து தாங்களே மாட்டிக்கொள்கிறார்கள். கழற்றுகிற கூலியாவது மிச்சம்.